கூண்டிலிருந்து வீட்டுக்கு: கினிப்பன்றியை மீட்க நினைப்பவர்களுக்கு

கினிப்பன்றி தன் நோயை மறைக்கும் பிராணி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் புல்வெளிகளில் நரிக்கும் கழுகுக்கும் இரையாகி வாழ்ந்த குலம் அது. கூட்டத்தில் எது தளர்ந்து தெரிகிறதோ அதைத்தான் கழுகு முதலில் தூக்கும். அதனால் காய்ச்சலானாலும் பல்வலியானாலும் வயிறு உப்பினாலும் வெளியே காட்டாமல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். கூண்டின் முன் நிற்பவர் "எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க" என்பார். விற்பவரும் அதையே சொல்லி விற்பார். அந்தச் சாதுத்தனம் பல நேரம் பயம்; சில நேரம், உயிர் போவதற்கு ஓரிரு நாள் முந்தைய சோர்வு.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிராமப்புறக் கால்நடை ஏலங்களில் மாடு, ஆடுகளோடு சிறு பிராணிகளும் விலைபோவதுண்டு. கோழி, முயல், கினிப்பன்றி எல்லாம் அட்டைப்பெட்டியிலும் கம்பிக்கூண்டிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வளர்க்க வாங்குவோர் உண்டு, பாம்புக்குத் தீனியாக வாங்குவோரும் உண்டு. அந்த ஏலங்களுக்குப் போய், கவனிப்பாரற்றுக் கிடப்பவற்றை எடுத்துவந்து தேற்றுபவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

ஆந்திராவில் திருப்பதியை அடுத்த ஏர்பேடு, ரேணிகுண்டா, காளஹஸ்தி வட்டாரத்தில் சந்தை என்றால் ஆடும் மாடும் நாட்டுக்கோழியும்தான் நினைவுக்கு வரும். கினிப்பன்றி நம் பக்கம் வருகிற வழி வேறு. நகரத்துச் செல்லப்பிராணிக் கடை, லவ் பேர்ட்ஸ் விற்பவரின் கூண்டு, சென்னை பிராட்வே போன்ற இடங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக வாங்கிப் பள்ளி திறந்ததும் சலித்துப்போன வீடு. வழி எதுவானாலும் கூண்டுக்குள் இருக்கும் நிலைமை ஒன்றுதான்: நெரிசல், ஆணும் பெண்ணும் கலந்து அடைப்பு, காலித் தண்ணீர்க் கிண்ணம், தவறான தீனி. அப்படியொரு கூண்டின் முன் நின்று "இதை எப்படியாவது காப்பாத்தணும்" என்று தவிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தவிப்பு நல்லது. அது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விலை கொடுத்து மீட்கலாமா?

முதலில் எழும் கேள்வி இது. என் பதில், விற்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

அவர் வாராவாரம் விற்கிற வியாபாரி என்றால் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் இரக்கத்தால் கொடுத்த பணமும் ஆசையால் வந்த பணமும் அவர் கல்லாவில் ஒரே பணம்தான். இரண்டு உருப்படி போனால் அடுத்த வாரம் நான்கு வந்து நிற்கும். கினிப்பன்றி வேகமாகப் பெருகும் என்பதால் அவருக்கு இதில் நஷ்டமே இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு பிழைக்கும். அந்தக் கூண்டில் புதிதாக நான்கு வாடும்.

வளர்த்துச் சலித்த வீட்டுக்காரர், தொழிலை விட்டுவிட்டு மிச்சத்தைத் தள்ளுகிறவர், ஊர் மாறிப் போகிறவர் என்றால் நிலைமை வேறு. அந்தக் கூண்டு மறுபடி நிரம்பப் போவதில்லை. அங்கே கொஞ்சம் பணம் கொடுத்தாலும் தவறில்லை. ஆனால் இருப்பதை எல்லாம் எடுங்கள். அழகாக இருக்கும் இரண்டை மட்டும் பொறுக்கிவிட்டு ஒரு ஆணையும் பெண்ணையும் அங்கேயே விட்டு வந்தால், சில மாதங்களில் அதே வீட்டில் அதே கதை தொடங்கிவிடும். மொத்தத்தையும் எடுக்க இடமில்லையென்றால் ஆண்களையாவது முதலில் எடுங்கள்.

வியாபாரியிடம் ஒன்று படுத்தே கிடக்கிறது, விற்கவும் முடியாது என்ற நிலை இருக்கும். அதை இலவசமாகக் கேளுங்கள். செத்தால் தூக்கிப்போடும் வேலை மிச்சம் என்று கொடுத்துவிடுபவர்கள் உண்டு. கண் முன்னே ஓர் உயிர் திணறும்போது கணக்குப் பார்க்க மனம் வராதுதான். அந்த மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்தே எடுத்துவிட்டீர்கள் என்றால், அன்றே ஒரு புகாரும் எழுதிவிடுங்கள். மிச்சமிருப்பவற்றுக்கு அது ஒன்றுதான் நீங்கள் செய்யக்கூடிய உதவி.

சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்

1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டம் நமக்கு நெருக்கமான ஒன்று. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகப் பிறந்தது அது. அதன்படி அமைந்த பிராணிகள் நல வாரியம் 1962-இல் அவர் தலைமையில் சென்னையில்தான் தொடங்கியது. அந்தச் சட்டத்தில் 'பிராணி' என்றால் மனிதன் நீங்கலாக எல்லா உயிரும். மாட்டுக்கு ஒரு நியாயம், கினிப்பன்றிக்கு ஒரு நியாயம் என்று அதில் பிரிவு இல்லை.

11-ஆம் பிரிவில் நமக்குத் தேவையானவை மூன்று. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். உரியவர் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராமல் விடுவது குற்றம். மூன்றாவதுதான் சந்தைக்கு நேராகப் பொருந்துவது: பட்டினியாலோ தாகத்தாலோ நெரிசலாலோ வேறு கொடுமையாலோ வதைபடும் பிராணியை விற்பனைக்கு வைப்பதே குற்றம். இது 11(1)(கே) உட்பிரிவு. புகாரில் இந்த எண்ணைக் குறிப்பிட்டால், "எலிக்கெல்லாம் கேஸா?" என்று தட்டிக்கழிப்பது காவல் நிலையத்துக்குக் கடினமாகும்.

தண்டனைதான் மனத்தைச் சுடுகிறது. முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாத, 50 ரூபாய்க்கு மேற்போகாத அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் 50 ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று அது ஒரு டீயும் வடையும். ஆகவே அபராதத்தை நம்பிப் புகார் செய்வதில் பயன் இல்லை. 34-ஆம் பிரிவை நம்பிச் செய்யுங்கள். குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், காவலர் நிலைக்கு மேற்பட்ட காவல் அதிகாரி அந்தப் பிராணியைக் கைப்பற்றி நீதித்துறை நடுவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம் என்கிறது அது. கைப்பற்றப்பட்டவற்றை வழக்கு முடியும்வரை யார் பராமரிப்பது, செலவை யார் ஏற்பது என்பதற்கு 2017-இல் தனி விதிகளே வந்திருக்கின்றன.

கடைக்காரர்களுக்கு இன்னொரு விதித்தொகுப்பு இருக்கிறது: 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள். அதில் செல்லப்பிராணி என்ற சொல்லுக்குள் நாய், பூனை, முயல், வெள்ளெலி வகைகளோடு கினிப்பன்றியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. கடை நிலையான கட்டடத்தில் இருக்க வேண்டும். வாங்கியது, விற்றது, இறந்தது எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று எந்த வாடிக்கையாளரும் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் பலரும் எடுத்து வைப்பதே இல்லை.

புகார் என்றால் வாய்ப்பேச்சு போதாது. தேதியும் நேரமும் தெரியும் படம், கூண்டின் அளவு, எத்தனை உருப்படி, தண்ணீர் இருந்ததா, புண்ணோ முடி உதிர்வோ தெரிந்ததா என்று ஒரு பக்கம் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பது 2001-ஆம் ஆண்டின் விதி. புகாரின் நகலை அந்தச் சங்கத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். திருப்பதி தனி மாவட்டமாக 2022 ஏப்ரலில் பிரிந்துவிட்டதால் ஏர்பேட்டுக்காரர்கள் சித்தூருக்கு அலைய வேண்டியதில்லை. விற்பவரோடு கைகலப்பு, கூண்டைப் பிடுங்குவது எல்லாம் வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும், பிராணிக்கும் ஒரு பயனும் இல்லை.

முதல் நாள், முதல் மாதம்

இப்போது கினிப்பன்றி உங்கள் கையில். இனிமேல்தான் மீட்பு தொடங்குகிறது.

அதைக் கொண்டுவரும்போதே பாதி ஆபத்து. அதற்கு உடம்பு வேர்க்காது. 18 முதல் 24 டிகிரி வெப்பம் அதற்குச் சுகம்; 28, 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும், சினையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ரேணிகுண்டா, திருப்பதிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஆகவே விடிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ கொண்டுவாருங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி, பிடி அருகம்புல், ஒரு துண்டு வெள்ளரிக்காய் போதும். இருசக்கர வண்டியின் டிக்கியில் வைப்பதும், நிறுத்திய காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் கொலைக்குச் சமம்.

வீட்டில் தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதற்கு இடம் கிடையாது. தரைத்தளத்தில், வெயில் படாத, சிமென்ட் அல்லது கல் தரையுள்ள அறை நல்லது. மண்பானையை உடைந்த வாய்ப்பக்கம் திறந்திருக்கப் படுக்க வைத்தால் அதற்குக் குளிர்ச்சியான பொந்து கிடைக்கும். மின்சாரம் போகும் மதியங்களில் சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள்; உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போடுங்கள். எச்சில் ஒழுக, மூச்சு இறைக்க, தரையோடு தரையாக நீட்டிப் படுத்திருந்தால் வெப்பம் தாக்கிவிட்டது என்று பொருள். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதையும் பாதங்களையும் ஒற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் கினிப்பன்றி இருந்தால் புதிதாக வந்ததைக் குறைந்தது மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள். பழையவற்றைக் கவனித்துவிட்டுப் பிறகு புதியதைத் தொடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முயலோடு எப்போதுமே சேர்த்து வைக்கக் கூடாது. முயலும் நாயும் தாங்கள் நோயாகாமலே சுமந்து திரியும் போர்டடெல்லா என்ற கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவாக முடியும். கடைகளில் இரண்டையும் ஒரே கூண்டில் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தீனியில் இருக்கிறது பாதி நோய்

1907-இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரண்டு மருத்துவர்கள், கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஒரு நோயின் காரணத்தைத் தேடிக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தைத் தீனியாகப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது, மூட்டுகள் வலித்தன, எலும்புகள் பலமிழந்தன. மனிதருக்கு வரும் ஸ்கர்வி நோய் அப்படியே வந்துவிட்டது. முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்ததும் சரியானது. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதராலும் கினிப்பன்றியாலும் அது முடியாது. வைட்டமின் சி-யைக் கண்டுபிடிக்கும் பாதை அங்கிருந்துதான் திறந்தது.

அவர்கள் சோதனைக்கூடத்தில் தெரிந்து செய்ததை நம் கடைக்கூண்டுகளில் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறோம். முயல் தீவனம், கோழித் தீவனம், சோளம், ஊறவைத்த கொண்டைக்கடலை. முயல் தன் வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்வதால் முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. அதைத் தின்றே இருக்கும் கினிப்பன்றி இரண்டு மூன்று வாரத்தில் நடக்கத் தயங்கும், தொட்டால் கீச்சிடும், முடி சொரசொரப்பாகும். "சாதுவா இருக்கு" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நடந்தால் அதற்கு வலிக்கிறது.

மருந்து நம் ஊர்க் காய்கறிக் கூடையிலேயே இருக்கிறது. நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. சினையென்றால் கூடுதல் அளவு. குடைமிளகாயில் இரண்டு விரல் அகலத் துண்டு, சிறு கீற்று கொய்யா, ஒரு பிடி கொத்தமல்லித் தழை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். நெல்லிக்காயைத் துளி சீவிக் கொடுத்துப் பார்க்கலாம். தண்ணீரில் வைட்டமின் சொட்டுமருந்து கலப்பது வீண். அது ஒரு நாளுக்குள் வீரியம் இழந்துவிடும், ருசி மாறியதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். நோய் முற்றியிருந்தால் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மற்றபடி அதன் வயிறும் பல்லும் புல்லுக்காகவே படைக்கப்பட்டவை. பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் புல்லை மென்றால்தான் தேயும். தானியம் மட்டுமே தின்றால் கடைவாய்ப் பற்கள் வளைந்து வளர்ந்து நாக்கை மூடிக்கொள்ளும், பிறகு பசித்தாலும் தின்ன முடியாது. அருகம்புல் முதல்தரம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4, கோ-5 தீவனப்புல்லை மாட்டுக்கு வளர்ப்பவர்கள் நம் பக்கம் இருந்தால் இளம் தாள்களைக் கேட்டு வாங்கி நறுக்கிப் போடலாம். ஆப்பிரிக்காவில் கினிப்பன்றி வளர்க்கும் வீடுகள் சிலவற்றில் இந்த நேப்பியர் இனப் புல்லும் தீனியாகிறது. நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்குப் பற்றாது.

வேர்க்கடலைக்கொடி பற்றி ஒரு வார்த்தை. சித்தூர், திருப்பதிப் பக்கம் அது மலிவாகக் கிடைக்கும், கினிப்பன்றியும் ஆவலாகத் தின்னும். வளர்ந்த பிராணிக்கு அதை அன்றாடம் போட்டால் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீர்ப்பையில் கல் விழும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கொடியோ கடலையோ அதைவிட மோசம். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு கினிப்பன்றியின் ஈரலை நேராகத் தாக்கும். வாரத்தில் ஒரு நாள், காய்ந்த சுத்தமான கொடியில் ஒரு பிடி போதும். முருங்கைக்கீரைக்கும் இதே அளவுதான். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடி, அரளி, எருக்கு அறவே கூடாது. பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பின் புல்லும் கூடாது. இதுவரை தானியமே தின்று வந்ததற்கு முதல் நாளே கூடை நிறையப் பச்சையைப் போட்டால் வயிறு உப்பிவிடும். ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

தட்டில் வைத்ததை அது தின்கிறதா என்று பார்ப்பதைவிட, எடை பார்ப்பது நம்பகமானது. சமையலறைத் தராசில் முதல் மாதம் தினமும் காலையில் நிறுத்து ஒரு நோட்டில் குறியுங்கள். வளர்ந்தது பெரும்பாலும் 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. 12 மணி நேரம் எதுவுமே தின்னவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதன் குடல் நின்றுவிட்டால் மறுபடி ஓட வைப்பது கடினம்.

தோல், பாதம், மருந்து

முடி கொட்டித் தோல் தடித்து, தொட்டதும் வலிப்பு வந்ததுபோல் துடித்துச் சொறிந்தால் அது சொறிப் பூச்சி. நெரிசலில் வளர்ந்தவற்றுக்குச் சர்வ சாதாரணம். ஐவர்மெக்டின் ஊசி எடைக்கு ஏற்றபடி, நாள் இடைவெளி விட்டு, மருத்துவர் போட்டால் நன்றாகக் கேட்கும். முகத்தில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் கட்டினால் படர்தாமரை. அது பிள்ளைகளுக்கும் ஒட்டும், ஆகவே குணமாகும்வரை பிள்ளைகள் தூக்கக் கூடாது. கம்பித் தரையில் நின்று நின்று பாதம் வீங்கிப் புண்ணாகியிருக்கும். கம்பி வேண்டாம், பழைய செய்தித்தாளின் மேல் பருத்தித் துணி விரித்துத் தினமும் மாற்றினாலே பாதிப் புண் ஆறிவிடும். அழுக்காக இருக்கிறதே என்று வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். நடுங்கி நடுங்கியே செத்துப்போகும்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நமக்கும் நாய்க்கும் நல்லது செய்யும் அந்த மருந்து, கினிப்பன்றியின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சு உமிழும் கிருமியைப் பெருக்கிவிடும். சில நாளில் கழிச்சலில் உயிர் போகும். ஆடு மாடு பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போனால்கூட, "கினிப்பன்றிக்குப் பென்சிலின் ஒத்துக்காதுங்க சார்" என்று பணிவாக நினைவுபடுத்துங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஏர்பேட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி, திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. 1955-இல் தொடங்கியது, இப்போது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கினிப்பன்றியின் உடலமைப்பைப் படித்தவர்கள் இருக்கும் இடம் அது. 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் கால்நடை ஊர்தி முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. ஆனாலும் அவசரத்தில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வயிற்றுக்குள் இன்னும் மூன்று

ஆணும் பெண்ணும் கலந்து அடைத்த கூண்டிலிருந்து வந்த பெண் எதுவானாலும், சினை என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். "ரெண்டும் பொட்டைதான்" என்ற கடைக்காரர் பேச்சை நம்ப வேண்டாம். மருத்துவரிடம் காட்டிப் பால் பிரித்துப் பாருங்கள். ஆண் குட்டி மூன்றே வாரத்தில் பருவத்துக்கு வரும், பெண் நான்கு வாரத்திலேயே சினை பிடிக்கக்கூடும். கையளவுக் குட்டியே தாயாகி நிற்பது இதனால்தான்.

சினைக்காலம் 59 முதல் 72 நாள். பொதுவாக இரண்டு முதல் நான்கு குட்டி. எலிக்குட்டி போலன்றி, முடியோடும் பல்லோடும் கண் திறந்தே பிறக்கும். முதல் சில நாளிலேயே புல்லைக் கொறிக்கும். பார்க்கப் பரவசமான காட்சி. தாய்க்கு ஆபத்தானதும் அதுதான், ஏனென்றால் அவ்வளவு பெரிய குட்டி வெளியே வர இடுப்பெலும்பு விரிந்து கொடுக்க வேண்டும். ஆறேழு மாத வயதுக்குள் ஒரு முறையும் ஈனாத பெண்ணுக்கு அந்த இணைப்பு இறுகிவிடும். அதற்கு மேல் முதல் பிரசவம் என்றால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். வயதும் தெரியாது, முன்பு ஈன்றதா என்றும் தெரியாது என்பதுதான் மீட்ட பெண்களின் நிலைமை. முக்கிக்கொண்டே அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை என்றால் உடனே மருத்துவமனை.

ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினைக்குத் தயாராகிவிடும். ஆகவே ஆணைப் பிரசவத்துக்கு முன்பே பிரித்துவிடுங்கள். ஆண் குட்டிகளை 21-ஆம் நாள் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்து, தகப்பனோடோ தங்களுக்குள்ளோ சேர்த்து வையுங்கள். இந்த ஒரு தேதி தவறியதால் இரண்டை மீட்ட வீடு இருபதாகித் தவிப்பது, எந்த நாட்டு மீட்புக் குழுவைக் கேட்டாலும் கிடைக்கும் கதை.

அடுத்த வீடு

ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும் பிராணி இது. எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அடுத்து வரும் கூண்டுக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்க வேண்டும். சுவர்ணமுகி ஆற்றங்கரைப் புல்லில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாயும் கீரியும் காக்கையும் ஒரு நாள் பொழுதில் முடித்துவிடும். ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கலாமே என்றும் கேட்பார்கள். கேள்வி தவறில்லை: காசநோய்க் கிருமியை 1882-இல் ராபர்ட் கோக் நிரூபித்தது கினிப்பன்றிகளை வைத்து, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தயாரித்த முத்தடுப்பு ஊசி போன்றவற்றின் வீரியத்தைச் சோதிப்பதும் நெடுங்காலமாக இவற்றில்தான். நம் பிள்ளைகளின் தொண்டை அடைப்பான் ஊசிக்குப் பின்னால் இவற்றின் உயிர் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடங்கள் பதிவு பெற்ற வளர்ப்பகங்களிலிருந்து மட்டுமே பிராணிகளைப் பெற வேண்டும் என்பது விதி. பிழைக்க வைத்த உயிரை அங்கே அனுப்ப நினைப்பதும் நியாயமாகாது.

கேட்பவர் யார் என்று பாருங்கள். ஏர்பேட்டில் ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்த பிறகு இளைஞர் கூட்டம் பெருகியிருக்கிறது, ஆசையோடு கேட்பார்கள். விடுதி அறையில் இருப்பவருக்கு, விடுமுறைக்கு யார் பார்த்துக்கொள்வார் என்ற பதில் இல்லாமல் கொடுக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டால், பிள்ளையிடம் பேசாமல் தாயிடமும் தகப்பனிடமும் பேசுங்கள். ஒற்றையாக ஒருபோதும் கொடுக்க வேண்டாம். இது கூட்டமாக வாழும் பிராணி; தனியாக வளர்ப்பதை சுவிட்சர்லாந்து 2008-இல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. இரண்டு பெண்கள், அல்லது கூடவே வளர்ந்த இரண்டு ஆண்கள், நாலடிக்கு இரண்டடி இடம், புல் கிடைக்கும் வழி, கோடையில் குளிர்ந்த அறை. இவை இருக்கும் வீடு எளிமையான வீடானாலும் நல்ல வீடு.

கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஆணா பெண்ணா, கடைசி எடை, எந்தப் புல்லுக்குப் பழகியது, ஐவர்மெக்டின் எப்போது போட்டது, பென்சிலின் கூடாது என்ற குறிப்பு, எந்த மருத்துவர் பார்த்தார், முடியாமல் போனால் வேறு யாரிடமும் தள்ளாமல் உங்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரி. ஒரு மாதம் கழித்துப் போய் எடை பார்த்துவிட்டு வாருங்கள்.